பிரியாத விண்மீன்கள்

அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பெரிய விண்மீன்களை ஜோடி ஜோடியாகக் கணினியில் பிறக்கவைத்து, சாகும்வரை நடத்திப் பார்ப்பதுதானே என் வேலை? நேற்று பேராசிரியர் என் திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, உன் வானத்துல மட்டும் யாரும் பிரியவே மாட்டாங்களா?"

ஜோடியில் ஒன்று வெடித்தால், அந்த வெடிப்பு தரும் உதையில் பெரும்பாலான ஜோடிகள் பிரிந்துவிடும். என்னுடையவை பிரியவில்லை. நிரலைத் திறந்து பார்த்தேன். சோதனைக்காக உதையைப் பூஜ்யமாக்கிய நான், அதைத் திரும்ப மாற்றவே இல்லை. இரண்டு வருடமாக! அந்த வரியை அவரிடம் காட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஓட்டணும்" என்றார்.

பயப்படாதே, ஒரு வருடத்தில் சரிசெய்துவிடலாம். படிப்பை முடித்து இந்தக் கோடையில் ஊருக்கு வந்துவிடுவேன் என்றுதான் கம்பளிக் காலுறை வேண்டாம் என்றேன். அதை அனுப்பிவிடு. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

பேருந்து வந்துவிட்டது.

உன் மகள்