கல்லுக்கு அம்மை

14 ஜூலை 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் சித்தூர் சபைக் கோயில் முகப்பின் வடக்குத் தூணிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு என் காலடியில் விழுந்தது. மேலே கறுப்புப் பெயிண்ட் பளபளக்கிறது. அடியில் பழுப்புத் தூள். நசுக்கினால் மாவாகிறது. நூற்று முப்பது வருஷத்துக் கல்!

16 ஜூலை

அந்தப் பெயிண்ட் என் காணிக்கை. ஆறு வருஷத்துக்கு முன் தூண்களில் சாம்பல் புள்ளிகள் வந்தன. கல்லுக்கு அம்மை போட்டிருக்கு என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மணியடித்து, கூட்டித் துடைக்கிற காலேப்பைக் கொண்டு எனாமல் இரண்டு கோட்டு அடிக்க வைத்தேன். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தின திமிர், வேறென்ன.

2 ஆகஸ்ட்

பழைய கட்டடங்கள் பார்க்கும் இஞ்சினியர் ஹேமநாத் திருப்பதியிலிருந்து வந்தார். குடுபல்லிப் பக்கத்துக் கல்லாம். பூமிக்குள்ளிருந்து எரிமலைக் குழம்பாக வந்து இறுகினது. உள்ளே ஈரம் தங்கினால் உப்பி உதிரும். ஈரம் வெளியேறும் வழியைப் பெயிண்ட் அடைத்துவிட்டது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்ததோ ஒரே வரி: உள்ளே தங்கிய ஈரமே காரணம்.

4 ஆகஸ்ட்

ஈரம் — அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தூணைக் கழுவுவது யார்? காலேப். அவனை நிறுத்திவிடலாம் என்கிறார் செயலர் தேவானந்தம். இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் வளாகத்திலேயே குடியிருப்பவன். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கல? சீ.

11 ஆகஸ்ட்

சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தண்ணி இல்ல, பெயிண்ட்தான். அடிக்கச் சொன்னது நான்தான். யாரும் கோபப்படவில்லை. தேவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "காலேப்புக்காகப் பழிய உங்க மேல இழுத்துப் போட்டுக்கினீங்களே டீச்சர். இந்த மனசு யாருக்கு வரும்?" பெயிண்ட் கல்லைக் காப்பாற்றும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். போதகர் என் அன்புக்காக ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தார். காலேப்பை நிறுத்தியது நிறுத்தியதுதான்.

12 ஆகஸ்ட்

ஹேமநாத்துக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கல.

31 ஆகஸ்ட்

மற்ற மூன்று தூண்களுக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலேப் ஏர்பேட்டிலிருக்கும் மச்சான் வீட்டுக்குப் போகிறான். சாமானை டெம்போவில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"எனக்கோசரம் சபையில பொய் சொன்னீங்களேம்மா. நான் தண்ணி ஊத்துனதுதாம்மா எல்லாத்துக்கும். சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

இல்லடா, இல்லடா என்றேன். கேட்கவே இல்லை. என் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.