புனே வேலைக்கான விண்ணப்பம்

14.7.2025, திங்கள், காலை 6.40, தூறல்.

ஆஷா அப்பாவுக்கு,

நீங்கள் லிங்கராஜபுரம் பாலம்வரை ஓடிவிட்டுத் திரும்புவதற்குள் நான் பாடம் நடத்தப் பள்ளிக்குக் கிளம்பியிருப்பேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. பத்து மணிக்கு கேஸ்காரர் வருவார். அவரை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்க வேண்டாம்.

முன்னாள் ராணுவத்தினருக்கான உங்கள் ஆப், புனேவில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை ஒன்றைக் காட்டி, மனைவியிடம் மனம்விட்டுப் பேசிச் சம்மதம் பெறச் சொன்னதாம். நீங்களோ மூன்று பிரதிகளில் அனுமதி விண்ணப்பம் எழுதி என் தலையணைமேல் வைத்தீர்கள். ஆப்பில் ‘பேசியாயிற்று’ என்றும் குறித்துவிட்டீர்கள். “அப்பா உங்ககிட்ட லீவு கேக்கறாரும்மா” என்று ஆஷா நேற்றெல்லாம் சிரித்தாள்.

இருபத்திரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு மாத விருந்தாளியாக வந்துபோனீர்கள். ஓய்வுபெற்று வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு நீங்கள் போர்வையை உதறி மடிக்கும் சத்தம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அந்தச் சத்தம் இல்லாத வீட்டிலும் நான் இருந்து பார்த்திருக்கிறேன்.

கிரேஸ்

பி.கு.: மதியத்துக்குக் குழம்பு இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று: மூன்று பிரதிகளிலும் ‘அனுமதி இல்லை’ என்று எழுதி, கையொப்பமிட்டு, இத்துடன் ஒப்படைக்கிறேன். மேல்முறையீடு உண்டு, மாலை ஆறு மணிக்கு, என்னிடம், வாய்மொழியாக மட்டும்.