பூவரச மரத்தடி வகுப்பு

இன்று காலை எழுமலையில் என் பள்ளிக்கூட வாசலில் ஒரு வண்டி ஓடை மணல் வந்து இறங்கியது. ஈரம் காயாத மணல். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது. போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, இன்றுதான் உன்னிடம் பேச வாய் வந்திருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் ஒன்றாய்ப் படித்த நமக்குப் பழங்காநத்தத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. உனக்கு அரிச்சுவடி வகுப்பு, எனக்கு ஒன்றாம் வகுப்பு. உன் பிள்ளைகளுக்குக் கொடுத்த அறை முன்பு பருத்திக் கொட்டை அடைத்து வைத்த இடம். ஒரே ஒரு சன்னல். உள்ளே நுழைந்ததுமே குழந்தைகள் அழும். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும். ஒரு வாரம் பார்த்தாய். பிறகு என்னிடம் வந்து, "இருட்டுல அடைச்சு வச்சா நானே அழுவேன் புள்ள. வா, பின்னாடி இடத்தைப் பாப்போம்" என்றாய்.

பின்பக்கம் முள்ளும் உடைந்த பானையுமாகக் கிடந்தது. நடுவில் ஒரு பூவரச மரம். விடுமுறை நாட்களில் நாம் இருவரும் முள்ளை வெட்டினோம். என் கையெல்லாம் கீறல். மரத்தடியில் மணல் பரப்பினாய். கிளையில் கயிற்றூஞ்சல் கட்டினாய். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மொண்டு ஊற்ற சிரட்டைகள் போட்டாய். எண்ணிப் பழகப் புளியங்கொட்டை, ஓரத்தில் வெண்டைப் பாத்தி, வெயிலுக்கு ஓலைக் கொட்டகை. அங்கே போன முதல் நாளே அழுகை நின்றுவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள்தான் சன்னல் வழியே பார்த்து ஏங்கினார்கள்.

ஆனால் பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. மில்லில் வேலை பார்த்த பேச்சி, மகள் செல்லாயியின் சேறு படிந்த பாவாடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "டீச்சரம்மா, மண்ணுல பெரளவா எம்புள்ளைய அனுப்புறேன்? எங்க வாசல்லயே அம்புட்டு மண்ணு கெடக்கே!"

நீ கோபப்படவில்லை. "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. அப்பவும் பிடிக்கலைன்னா நானே உள்ள உக்கார வைக்கிறேன்" என்றாய்.

மற்றவர்கள் பொறுக்கவில்லை. புகார் பள்ளிக்கூட மேனேஜரிடம் போனது. பொங்கல் கழிந்து ஒரு நாள் அவர் பெற்றோரையெல்லாம் மரத்தடிக்கு வரவழைத்தார். "இது பள்ளிக்கூடமா, சந்தையா? பிள்ளைங்க எழுதட்டும், பாப்போம். எழுதலைன்னா நாளைக்கே எல்லாம் உள்ளே" என்றார். செல்லாயியை முன்னால் இழுத்து, சிலேட்டை நீட்டி, "எழுது" என்று அதட்டினார். அவள் சிலேட்டைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பிரம்பையே பார்த்தாள்.

"பாத்தீங்களா?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். உன் முகம் வெளுத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் சேலையைச் செருகிக்கொண்டு மணலில் குந்தினாள். ஒற்றை விரலால், குடம் அளவுக்குப் பெரிது பெரிதாக, மூன்று எழுத்து எழுதினாள். அவள் பெயர்!

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் மேனேஜர்.

"இந்தா நிக்கிறாளே எம்மவ, இவதான். வேலை முடிஞ்சு வந்ததும் வாசல் மண்ணைத் தடவி வச்சு, எழுது எழுதுன்னு உசுர வாங்குறாய்யா. தப்பாப் போட்டா கையிலயே அடிக்கிறா!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் செல்லாயியின் பயம் எங்கே போனதோ! "யம்மா, புள்ளி வைக்கல!" என்று கத்திக்கொண்டே மணலில் பாய்ந்து, நடு எழுத்தின் தலையில் ஒரு குத்துக் குத்தினாள். அதற்குப் பக்கத்திலேயே தன் பெயரையும் எழுதினாள். அவ்வளவுதான், மற்ற பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். நிற்க இடமில்லாமல் எங்கு பார்த்தாலும் எழுத்து. அழித்துவிடக் கூடாதென்று பெற்றோர் பின்னால் நகர்ந்தார்கள். மேனேஜரும் நகர்ந்தார்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போகும்போது கொட்டகையை அண்ணாந்து பார்த்து, "ஓலை பிஞ்சிருக்கு. ஆள் அனுப்புறேன், மாத்திருங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு நீ ஓடிப்போய் ஊஞ்சலில் உட்கார்ந்தாய். "தள்ளு புள்ள! இன்னும் வேகமா!" உன் கொண்டை அவிழ்ந்து காற்றில் பறந்தது. பூவரசம்பூ உன்மேல் உதிர்ந்தது. தள்ளித் தள்ளிக் கை வலித்தும் நான் நிறுத்தவில்லை.

அந்த நாளில் எனக்குள் ஏறிய துணிச்சல் இன்னும் இறங்கவில்லை. மேலதிகாரி முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண்ணாக இருந்தவள் நான், உனக்குத்தான் தெரியுமே. போன வாரம் ஓர் அதிகாரி வந்து, உன்னைப் பார்த்து நான் இங்கே எழுமலையில் தொடங்கிய மரத்தடி வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழை வந்தா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார்.

"மழையையே பாடமா நடத்துவோம்யா" என்றேன்.

குரல் என்னுடையதுதான். பேசியது நீ.