பற்ற வைத்துக் கொடுப்பவன்

சிம்பாங் ரெங்கம்
3.3.2012

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் கடைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். வாசலில் ஷீஷா, அதுதான் ஹூக்கா, மேசை போட்டதிலிருந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார இடமில்லை. குளுவாங்கிலிருந்தெல்லாம் வருகிறார்கள். "பாஸ், நீங்க பத்த வச்சாத்தான் நல்லாருக்கு லா" என்கிறார்கள். புகை வரும்வரை நானே இழுத்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு குழாயையும் கொடுக்கிறேன். பயப்படாதீர்கள். வாப்பா மவுத்தான அன்று கொடுத்த வாக்கு வாக்குதான்; இன்றுவரை சிகரெட்டைத் தொட்டதில்லை. இது தண்ணீர் கழுவி அனுப்பும் ஆப்பிள் வாசம். ராத்திரியானால் தலைவலிக்கிறது, தூக்கக் குறைவுதான்.

துஆவை நாடும்,
அஹ்னாஃப்

லாபிஸ்
11.3.2012

அன்பு மகனுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடை நிறைந்ததில் எனக்கும் பெருமைதான். "என் பிள்ளை புகையைத் தொடாதவன்" என்று நம் ஊர்க் கம்பத்தில் வீடு வீடாகச் சொல்லித் திரிகிறவள் நான். ஆனால் எல்லாச் சட்டியிலும் உப்புப் பார்க்கிறவன் வயிறு காலியாகவா இருக்கும்? தண்ணீர் கழுவுமாம்! புகை குளிருமே தவிர நஞ்சு போகாது என்கிறாள் கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸி. கரி நெருப்பின் வாயு வேறு சேர்கிறதாம், தலைவலியும் அதனால்தான் இருக்குமாம். வாப்பா கடைசியில் மூச்சுக்குத் தவித்ததை நீதானே பக்கத்திலிருந்து பார்த்தாய்? கோபமாகத்தான் எழுதுகிறேன். நிறுத்து.

உம்மா,
சம்சாத் பேகம்

சிம்பாங் ரெங்கம்
2.4.2012

அன்புள்ள உம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமைக் கூட்டம் போகட்டும், பிறகு நிறுத்தலாம் என்றிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமையே கரி அடுப்பருகில் மயங்கி விழுந்தேன். இப்போது நலம். "புகைப்பாயா?" என்று டாக்டர் கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி "இல்லை" என்றேன். "உன் ரத்தம் வேறு மாதிரி சொல்கிறதே" என்றார். வெட்கத்தில் தலை தொங்கிப்போயிற்று, உம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குழாய்களை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டேன். பாதிக் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. அது போகட்டும். கம்பத்தில் இனி என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

அஹ்னாஃப்

லாபிஸ்
9.4.2012

என் தங்கத்துக்கு,

அல்லாஹ் உன்னைத் திருப்பிக் கொடுத்தான், அது போதும். மிச்சமிருக்கும் பாதிக் கூட்டம் உன் மீன்கறிக்கு வந்தது, கவலைப்படாதே.

கம்பத்தில் சொல்லியாகிவிட்டது. புகையைத் தொடாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் லாபிஸில் எத்தனையோ பேர். வியாபாரம் கொட்டும்போதே குழாயை உடைத்துப் போட்டவனைப் பெற்றவள் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். வாசல் மேசையை எனக்கு வை.

உம்மா