சிவப்புப் புள்ளி

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. துணி காயவில்லை. ஆபீஸ் லீவு. மாட்டுங்காவிலிருந்து இவரை அழைத்துக்கொண்டு வடாலா டாக்டரிடம். ராத்திரி மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று இவர் பயந்தது நின்றுவிட்டது, சரி. இவர் பேச்சும் கூடவே நின்றுவிட்டதே. எது கேட்டாலும் 'உம்'.

டாக்டரம்மா: மாத்திரை எவ்வளவு மந்தமாக்குகிறது என்று அளந்து பார்த்து முடிவு செய்யலாம். மொபைலில் ஒரு ஆப். சிவப்புப் புள்ளி வந்ததும் கட்டைவிரலால் தட்ட வேண்டும். எவ்வளவு தாமதம் என்று அதுவே குறித்துக்கொள்ளும். தினமும் எழுந்தவுடன். ஒப்பிட்டுப் பார்க்க, மாத்திரை சாப்பிடாத ஒருவரும் தட்ட வேண்டுமாம். வீட்டில் வேறு யார்? நான்தான்.

ஜூலை 15, செவ்வாய்

பல் தேய்த்த கையோடு நான் தட்டினேன். அப்புறம் டிகாக்‌ஷன் இறக்கி இவருக்குக் காபி. தூக்கி உட்கார வைத்து டம்ளரைக் கையில் கொடுத்தால்தான் கண் திறக்கிறது. குடித்துவிட்டுத் தட்டினார். பரவாயில்லை. கடைசியில் மிஞ்சிய காபி எனக்கு, ஆறிப்போய்.

ஜூலை 17, வியாழன்

மழை. லோக்கல் ரயில் லேட். நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். "தீதீ, ஸ்டேஷன் ஆ கயா," ஸ்டேஷன் வந்துவிட்டது அக்கா என்று ஒரு பெண் உலுக்கினாள். ராத்திரியெல்லாம் விழிப்பு. இவர் கட்டை மாதிரி கிடக்கிறார். மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வாங்க: கடுகு, காபிப்பொடி, இவருக்குப் பனியன்.

ஜூலை 21, திங்கள்

மறுபடி வடாலா. டாக்டரம்மா மொபைலைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். "கோலி கௌன் லேதா ஹை?" மாத்திரை சாப்பிடுவது யார் என்று சிரிப்பு. இவரைவிட நான்தான் மந்தம். ஆகவே மாத்திரை அப்படியே. கொஞ்சம் தூங்கச் சொல்லி எனக்குப் புத்திமதி.

பஸ்ஸில் திடீரென்று உறைத்தது. காபி! எழுந்தவுடன் என்றாரே. எங்கள் வீட்டில் காபி குடித்தால்தான் எழுந்ததாகக் கணக்கு. இவர் குடித்துவிட்டுத் தட்டினார், நான் குடிக்காமல். முட்டாள், முட்டாள். போன் செய்து சொன்னேன். சரி, காபிக்கு முன்னால் இன்னும் ஒரு வாரம் எடுங்கள், பார்க்கலாம் என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. காபி கொடுக்கவில்லை. உட்கார வைத்து மொபைலைக் கையில் வைத்தேன். சமையலறைப் பக்கம் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். புள்ளி வந்தது, போயிற்று. மறுபடி வந்தது. விரல் அசையவே இல்லை. கடைசியில் வந்த எண் படுமோசம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி குறைப்பார்கள். கட்டின புருஷன் தோற்றதற்குச் சந்தோஷப்படுகிறேன், இதுவும் ஒரு பிழைப்பு.

மொபைலை வாங்கப் போனேன். விடவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவராக வாய் திறந்தார்.

"பாஸா?"

"ஆமான்னா, பாஸ். இருங்கோ, காபி கொண்டு வரேன்."