அடிமைக்கு ஓட்டு உண்டா?

மாதுங்கா, பம்பாய், ஆகஸ்ட் 1964, வெள்ளி இரவு

இன்று கல்லூரியில் சரித்திர வகுப்பு விவாதம். நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில், புதிதாகச் சேர்ந்த மேற்குப் பிரதேசங்களிலும் அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா என்று சண்டை போட்டார்களே, அதுதான் தலைப்பு. "அங்கே குடியேறியவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும்" என்ற கட்சி எனக்கு விழுந்தது. இங்கிலீஷில் நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள்.

எதிர்க் கட்சியில் இருந்த தாராவி செல்வி எழுந்தாள். அவசரத்தில் வீட்டில் பேசும் திருநெல்வேலித் தமிழே வந்துவிட்டது அவளுக்கு.

"ஏளா, அந்த ஓட்டு அடிமைக்கும் உண்டா?"

"இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் பேச எனக்கே பிடிக்கவில்லை. அவள் கட்சி ஜெயித்தது. கிங்ஸ் சர்க்கிளில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தால், செம்பூர் வரனை எனக்கு முடித்துவிடலாமா என்று அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கோ" என்றேன். மாமா முகத்தைச் சுளித்தார்.

அப்பா என்னையே பார்த்தார். "சரி, உனக்கு என்ன தோணறது?"

"பி.ஏ. முடிக்கணும்ப்பா. அப்புறம் பாக்கலாம்."

"அப்போ அப்புறமே பாப்போம்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

ராத்திரி இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு பசி. கண் சொருகுகிறது.