பிழைகள் என்று எழுதிய பெட்டி

மில்வாக்கி
1989 நவம்பர், ஞாயிறு மதியம்

அன்பு மகன் ஜெரார்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் தங்கை பெர்னி, பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் எல்லாரும் சுகம். என் கடைவாய்ப் பல்லும் மனச்சாட்சியும்தான் சுகமில்லாமல் இருந்தன, அதில் பல்லைப் பிடுங்கியாயிற்று. அலாஸ்காவில் நீயும் நீ எண்ணுகிற சால்மன் மீன்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் செபமாலை சொல்கிறாள், மீன்களுக்கும் சேர்த்தா என்று கேட்டேன், முறைத்தாள்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் நீர் கோத்துக்கொள்வது மாதிரி இல்லை, தோள் குலுங்க அழுதேன், டாக்டர் பயந்துபோய் இன்னொரு ஊசி போட்டார். பல் வலியால் அழுதேன் என்றுதான் இன்றுவரை அவருடைய நர்ஸ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்த மானக்கேட்டை நான் மறுக்கவில்லை, ஏனென்றால் உண்மைக் காரணம் அதைவிட மோசம். அதை உனக்கு போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசாமல் இருந்தால் அந்த மௌனத்துக்கும் சேர்த்து எனக்கு பில் வரும். அதனால் எழுதுகிறேன். இத்தனை வருஷமாக ஊரார் கடிதங்களை வீடு வீடாகச் சுமந்தவன், அதில் எத்தனை இந்த மாதிரிக் கடிதம் என்று தெரிந்திருந்தால் பை இன்னும் கனத்திருக்கும்.

விஷயம் உன் பேஸ்பால் அட்டைகளைப் பற்றியது, சூயிங்கம் பொட்டலத்துக்குள் ஆட்டக்காரன் படத்தோடு வருமே, சின்ன வயதில் நீ சேர்த்தாயே, அவை. உட்கார்ந்துகொண்டு படி.

கோயில் கூரை ஒழுகுகிறது என்று வசந்தத்தில் பழைய சாமான் விற்பனை வைத்தார்கள். பங்குச் சாமியார் பூசையில் கூரையைக் காட்டிப் பேசும்போதே அவர் மேல் ஒரு சொட்டு விழுந்தது, அதற்குப் பிறகு யார்தான் கொடுக்காமல் இருக்க முடியும். அம்மா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும் முன்பே, பரணில் இருப்பது கீழே வராவிட்டால் ஒரு நாள் பரணே கீழே வந்துவிடும் என்றாள். நானும் ஏறினேன். நீ பனியில் சறுக்கி ஆடுகிற ஹாக்கி ஸ்கேட்டுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று பெரியது, நிறைய அட்டைகள், சைக்கிள் சக்கரத்தில் படபடவென்று சத்தம் வர நீ துணி கிளிப்பால் மாட்டி ஓட்டியவை, பாதிப் பேருக்கு முகமே இல்லை. இன்னொன்று என் பழைய ஷூ டப்பா, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மூடியில் பெரிய எழுத்தில் பிழைகள் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது.

திறந்து பார்க்காமல் கொடுத்தேன் என்று நினைக்காதே, திறந்து பார்த்துத்தான் கொடுத்தேன், அதுதான் என் கெட்டிக்காரத்தனம். ஒரு அட்டையில் ஆட்டக்காரன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. இன்னொன்றில் பெயர் ஒருவனுடையது, படம் வேறு ஒருவனுடையது. ஒன்றில் முதுகுப் பக்கம் தலைகீழாக அச்சாகியிருந்தது. நான் தபால்காரன் ஜெரார்ட். பெயர் ஒன்றும் ஆள் ஒன்றுமாக வந்தால் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. பையன் எவ்வளவு ஒழுங்கு, நல்லதைத் தனியாகவும் கெட்டுப்போனதைத் தனியாகவும் வைத்திருக்கிறான், கெட்டதைக் கோயிலுக்குக் கொடுத்து நல்லதை அவனுக்கு வைப்போம் என்று முடிவு செய்தேன். நீ ஜூனில் போன் செய்து, இப்போது பழைய அட்டைக்கெல்லாம் ஊரே அலைகிறதாமே, நம்முடையது இருக்கிறதா, கிறிஸ்துமசுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போய் இங்கே சுவரில் மாட்டப் போகிறேன் என்றபோது, நல்லதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன், நினைவிருக்கிறதா. மற்ற அப்பன்மார் எல்லாம் பையன்களின் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழிக்கிறார்கள், நான் பார், என்று பௌலிங் விளையாடப் போன இடத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன். பீர் கூட வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

விற்பனையில் மேஜைக்குப் பின்னால் நின்றது அம்மாவும் அவள் தோழி திருமதி பாவ்லாக்கும். அங்கே ஒரு ஆள் வந்து அரை மணி நேரம் செத்துப்போன டோஸ்டர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். அது வேலை செய்யாது என்று அம்மா நேர்மையாகச் சொல்லியிருக்கிறாள். பரவாயில்லை, இந்த மாடல் எனக்குப் பிடிக்கும் என்றானாம். பிறகு போகிற போக்கில் ஷூ டப்பாவைக் காட்டி, அதையும் போட்டுக் கொடுங்கள், குழந்தைகளுக்கு ஆகும் என்றானாம். அந்த ஆளுக்குக் குழந்தையே கிடையாது. நம் கத்தோலிக்கக் கோயில் ஆளும் இல்லை, லுத்தரன் சபைக்காரன். லுத்தரன் ஒருவன் நம் கோயில் நிலவறைக்குள் வந்து உடைந்த டோஸ்டர் வாங்குகிறான் என்றால் உன் அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும், ஆனால் அவளோ பக்கத்தில் திருமதி பாவ்லாக் மருமகளைப் பற்றிச் சொன்ன கதையில் இருந்தாள். அந்தக் கதையை நீ நேரில் வரும்போது சொல்கிறேன், எழுத்தில் வைக்க முடியாது.

அக்டோபரில் என் கடைவாய்ப் பல் பழிவாங்கியது. பல் டாக்டர் பக்கம் நான் போய் எத்தனை வருஷம் என்று உனக்குத் தெரியும், பழைய டாக்டர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்கே போய்விட்டார், இப்போது இருப்பவர் டாக்டர் லூட்கே. காத்திருக்கும் அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்டு வரிசையாக அட்டைகள். நடுவில், நல்ல மரச் சட்டத்துக்குள், என் ஷூ டப்பாவின் மூடி. பிழைகள், கீழே இரண்டு கோடு. ஓரத்தில் என் கால் அளவு கூட அழியாமல் இருந்தது.

அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். வாயில் பஞ்சு, நாக்கை ஒரு கொக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது, உதடு மரத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் பேச ஆரம்பித்தார். வெளியே சுவரைப் பார்த்தீர்களா, என் உயிரே அதுதான் என்றார். கம்பெனிக்காரன் தப்பைக் கண்டுபிடித்ததும் அச்சை நிறுத்திவிடுவான், அதற்குள் வெளியே வந்தது கொஞ்சம்தான், நல்லா அச்சடித்தது ஊருக்கு ஊர் கிடக்கிறது, கெட்டுப்போனதைத்தான் தேடினாலும் காணோம் என்று, மூச்சுவிடாமல். ஆர்லோ ஹேக் என்று ஒரு பந்து வீச்சாளனாம், இடது கைக்காரன், படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டதால் வலது கையால் வீசுகிறானாம், அதைப் பெரியவர்களே கவனிக்கவில்லையாம். பிறகு துளை போடும் கருவியைக் கையில் எடுத்தார். "பத்து வயசு இருக்கும் சார், சேர்த்த ஆளுக்கு. கையெல்லாம் சூயிங்கம் பிசுபிசுக்கும். அந்த வயசுல இதைப் பார்த்திருக்கு பாருங்க, அது கண்ணு. எவனோ ஒரு கூறுகெட்ட அப்பன் தூக்கிக் குடுத்திருக்கான்" என்றார். வாயைத் திறந்து வைத்திருந்த நான் என்ன செய்ய முடியும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

எல்லாம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து நின்று, அந்தப் பெட்டி என் மகனுடையது என்றேன். மரத்துப்போன வாயில் அது எத்தி, எங் ஹஹங் என்று வந்தது. அவர் என் தோளைத் தட்டி, வலிக்கு மாத்திரை எழுதியிருக்கிறேன், சூப் மட்டும் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீடு வரும் வழியெல்லாம் எத்தி எத்தி என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன், ஈஸ்டருக்கு மட்டும் போடுகிற தொப்பியை அக்டோபரில் போட்டுக்கொண்டு வந்தாள், சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். பதிலுக்குக் கொடுக்கலாம் என்று உன் பெரிய பெட்டியையும் எடுத்துப் போயிருந்தேன். லூட்கே திறந்து பார்த்து, இது அட்டை இல்லை சார், போர்க்களம் என்று மூடிவிட்டார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, "டோஸ்டர்ல ரொட்டி நல்லா வாட்டுதா டாக்டர்" என்று மட்டும் கேட்டாள். மனுஷனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் கெட்டவர் இல்லை ஜெரார்ட், அதை நான் சொல்லியாக வேண்டும். "உங்ககிட்ட குடுக்க மாட்டேன். நீங்க மறுபடியும் யாருக்காவது குடுத்துடுவீங்க. இதைச் சேர்த்தவங்க வந்து கேக்கட்டும், அன்னைக்கே கழட்டிக் குடுத்துடறேன்" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் நானே கூட எதையும் கொடுத்து வைக்க மாட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. போன பொருளுக்காக இல்லை. நீ சிறுவனாக இருக்கும்போது அட்டைகளோடு தரையில் குப்புறப் படுத்திருப்பாய், நான் தாண்டிப் போகும்போதெல்லாம் கணக்குப் புத்தகத்தை இந்த மாதிரி உற்றுப் பார்த்தால் உருப்படுவாய் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவேன். நீ உருப்படியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உலகம் முழுவதும் தவறவிட்டதை இந்த வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு ஒரு ஜோடிக் கண் கண்டுபிடித்து, கயிறு கட்டி, பெயர் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கண் யாருடையது என்று ஒரு பல் டாக்டருக்குத் தெரியாமலே தெரிந்திருக்கிறது, கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை. ஆற்றில் ஓடுகிற மீனை எண்ணுகிற வேலை உனக்கு எப்படிக் கிடைத்தது என்று இப்போதுதான் புரிகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். போன ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் சொல்லி நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பெர்னி, அந்த எழுத்து எப்படி இருந்ததுப்பா என்று கேட்டாள், நல்ல குண்டு எழுத்து, அழுத்தி எழுதியிருந்தான் என்றேன், அவள் முட்டைக்கோஸ் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். அவளுக்கு பீர் ஆலையில் வேலை உயர்ந்திருக்கிறது, பாட்டில் வரிசையில் கீறல் விழுந்ததைப் பார்த்து எடுக்கிற பிரிவு முழுவதும் இப்போது அவள் கையில். ஒரு வாழ்த்து அட்டை போடு, பேஸ்பால் அட்டை இல்லை.

ஆகவே மகனே, கோபம் எவ்வளவு வேண்டுமானாலும் படு, ஆனால் கிறிஸ்துமசுக்கு வராமல் இருந்துவிடாதே. வந்து, நேராக லூட்கேயிடம் போய், என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல். நான் வாசலிலேயே நிற்கிறேன், உள்ளே வரமாட்டேன். அங்கே குளிரில் காதை மூடாமல் ஆற்றங்கரையில் நிற்காதே, அம்மா பின்னிய காலுறை வந்து சேர்ந்ததா என்று எழுது, வராவிட்டால் தபால் இலாகாவைத் திட்டாதே, என்னைத் திட்டு. ஆண்டவர் உன்னையும் உன் கண்களையும் காக்கட்டும். மாதா துணை இருக்கட்டும். டிசம்பர் எட்டாம் தேதி அம்மா பிறந்தநாள், இந்த வருஷமாவது முதல் நாளே கூப்பிடு.

உன்னிடம் தலை குனிந்து நிற்கும் அப்பா,
க்ளாரன்ஸ் ஜஸ்குல்ஸ்கி

பி.கு. கவரை ஒட்டப் போகும்போது பெர்னி வந்தாள். இந்த வீட்டில் மேஜை மேல் இருப்பதையெல்லாம் அவள் படிப்பாள், இதையும் நின்றபடியே படித்தாள், டோஸ்டர் இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கத்தை மடித்து என் கையில் கொடுத்து, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்கப்பா. பெட்டி மட்டும் என்னுது" என்றாள். உன்னுடையது அந்தப் பெரிய பெட்டிதானாம், பத்திரமாகப் பரணில் இருக்கிறது. நாங்கள் வருஷா வருஷம் அவளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் கைக்காசில் சூயிங்கம் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், நீ சக்கரத்தில் மாட்ட எடுத்துப் போகாமலிருக்க உன் ஸ்கேட்டுக்குப் பின்னால் ஒளித்தாளாம், அந்த ஸ்கேட்டை நீ தொடவே மாட்டாயாம். ஏன் ஒரு தரம் கூட சொல்லவில்லை என்று கேட்டேன், யாரும் கேட்கவில்லையே என்றாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவா என்றதற்கு, வேண்டாம், அண்ணனுக்குச் சிரிக்கக் கிடைக்கும், அனுப்புங்கள் என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் அம்மா சொன்னாள், கோடையில் தன் பல்லைக் காட்டிவிட்டு வந்த அதே லூட்கேயிடம் என் பல்லுக்கும் நேரம் வாங்கிக் கொடுத்ததே பெர்னிதானாம்.